நான்கு மணிக்குப் பிறகு

சேலம் நகரிலிருந்து ஏர்க்காட்டுக்குச் செல்லும் சாலையில், சேர்வராயன் மலையின் அடிவாரத்தை ஒட்டி அமைந்த ஊர் கொண்டப்பநாயக்கன்பட்டி. மலைவாசம் நாடிச் செல்வோரின் வண்டிகள் அவ்வூரைக் கண்டும் காணாமலும் கடந்து போகும். எங்கள் குடும்பத்துக்கோ அது வெறும் வழியூர் அன்று. எங்கள் அத்தா தம் இளமையில் சைக்கிளின் பின்னால் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு, தவணைக்கு வியாபாரம் செய்த ஊர்களுள் அதுவும் ஒன்று. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். மனக்கணக்கில் வல்லவர், எழுதுவதில்தான் தடுமாற்றம். மாலை வேளையில் அவ்வூர்த் திண்ணை ஒன்றில் அமர்ந்து, பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் அவருடைய பற்றுவரவு நோட்டை எழுதிக் கொடுப்பானாம். கூலியாகப் பொரி உருண்டையோ கடலை மிட்டாயோ பெற்றுக்கொள்வானாம். "அந்தப் பையன் எழுதித் தந்த கணக்கில்தான் நம் வீட்டு அடுப்பு எரிந்தது" என்று அத்தா சொல்ல நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம்.

அத்தா வஃபாத்தாகி ஓராண்டு நிறைந்தபோது, உடன்பிறந்தார் நால்வரும் கூடி, அவர் பெயரால் நிலையான தர்மம் ஒன்று செய்வதென முடிவு செய்தோம். மனிதன் மறைந்த பின்னும் அவனுக்கு நன்மை சேர்த்துக்கொண்டிருப்பவை எவை என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியதை அறியாதார் நம்மில் இல்லை. நிலைத்து நிற்கும் தர்மமும், பயன் தரும் கல்வியும், துஆச் செய்யும் நன்மக்களும் அவை. மூன்றில் இரண்டையேனும் ஒரே காரியத்தில் சேர்த்துவிடலாம் என்று எண்ணி, அத்தா நன்றியோடு நினைத்த அந்த ஊர்ப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றுக்குச் சென்றோம். பள்ளிக்கு நல்லதொரு நுழைவாயில் கட்டித் தருவது எங்கள் திட்டம். இரு தூண்கள், இரும்புக் கதவு, மேலே வளைவு, பக்கத்தில் அத்தாவின் பெயர் பொறித்த சலவைக்கல்!

தலைமையாசிரியை எங்களை அன்போடு வரவேற்றார். திட்டத்தைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "வாயில் இல்லாமல் இந்தப் பள்ளிக்கூடம் நின்றுபோகவில்லை, பாய். நான்கு மணிக்குப் பிறகுதான் நின்றுபோகிறது" என்றார்.

எங்களுக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார். நான்கு மணி பத்து நிமிடத்துக்குப் பள்ளி மணி அடிக்கிறது. கட்டட வேலைக்கும் பட்டறைக்கும் போன தாய்மார் வீடு திரும்ப ஏழாகிறது. இடைப்பட்ட மூன்று மணி நேரம் பிள்ளைகளுக்கு உரியவர் யாரும் இல்லை. பையன்கள் தெருவிலும், பெண்பிள்ளைகள் தம்பி தங்கையைத் தூக்கிச் சுமப்பதிலும் அந்நேரத்தைக் கழிக்கிறார்கள். பகலில் கற்றதை மாலையில் மறந்து, மறுநாள் வந்து அமர்கிறார்கள். "அந்த நேரத்துக்கு இரண்டு பேரை அமர்த்தித் தாருங்கள். ஒரு கிண்ணம் சுண்டல் தாருங்கள். பாடம் மட்டும் வேண்டாம். படம் வரையட்டும், கதைப் புத்தகம் படிக்கட்டும், சதுரங்கம் ஆடட்டும். அவ்வளவுதான் நான் கேட்பது" என்றார். அப்போது அவர் அறைக்கு வெளியே, மணி அடித்த பின்னும் வீட்டுக்குப் போகாமல், ஏழாம் வகுப்புப் பெண்ணொருத்தி தன் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த உலகப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாங்கள் வெளியே வந்து பேசினோம். சுண்டலில் எப்படிப் பெயர் பொறிப்பது என்று எங்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். மாதந்தோறும் செலவு வைக்கும் காரியம் நமக்குத் தொல்லை என்றார் இன்னொருவர். ஒருமுறை கட்டிக் கொடுத்தால் கடமை தீர்ந்தது என்பதே எல்லோருடைய மனத்திலும் இருந்தது. வாயில்தான் கட்டினோம். திறப்பு விழா நடந்தது; பொன்னாடை போர்த்தினார்கள்; படம் எடுத்துக்கொண்டோம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொரு வேலையாக அவ்வழியே சென்றபோது, அந்தப் பெண்ணைப் பற்றித் தலைமையாசிரியையிடம் விசாரித்தோம். எட்டாம் வகுப்பு முடித்தவள் ஒன்பதில் சேரவில்லையாம். கணக்கில் பின்தங்கிவிட்டாள், பெரிய பள்ளிக்குப் போனால் ஏளனம் செய்வார்கள் என்று அஞ்சினாள், வீட்டிலும் தம்பியைப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. "உங்கள் வாயில் வழியாகத்தான் போனாள்" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். இக்கட்டுரையை எழுதுவதற்கு அந்த நாள்தான் காரணம்.

வசதி படைத்த வீட்டுப் பிள்ளையின் மாலைப் பொழுதைச் சற்று எண்ணிப் பாருங்கள். நான்கு மணிக்கு அவனுக்கு இன்னொரு பள்ளி தொடங்குகிறது. தனிப்பாடம், கராத்தே, கணினி, ஓவியம், நீச்சல் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசான். பகல் பள்ளியில் இரு பிள்ளைகளும் ஒரே பாடநூலைப் படித்தாலும், மாலைப் பள்ளி ஒருவனுக்கு மட்டுமே இருக்கிறது. பத்து ஆண்டுகளில் இருவருக்கும் இடையே விழும் பள்ளத்தைப் பிறகு எந்தச் சலுகையால் நிரப்புவது? ஏழைப் பிள்ளைக்கு அறிவு குறைவு என்று உலகம் சொல்கிறது. குறைவாக இருந்தது அவனுடைய மாலைப் பொழுதுதான்.

அரசு இதை அறியாமல் இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் நீண்ட நாள் மூடிக்கிடந்ததால் விளைந்த கற்றல் இழப்பை ஈடுசெய்ய, 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தைத் தமிழக அரசு 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிற்று. 200 கோடி ரூபாய் ஒதுக்கிற்று. மாலை 5 மணி முதல் 7 மணிக்குள், ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை, அவரவர் குடியிருப்புக்கு அருகிலேயே கூட்டி வைத்துத் தன்னார்வலர் கற்பித்தனர். ஏறத்தாழ இரண்டு இலட்சம் தன்னார்வலர், பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. திண்ணையும் கோயில் மண்டபமும் சமுதாயக் கூடமும் வகுப்பறைகள் ஆயின.

அதனால் பயன் விளைந்ததா என்று கேட்போருக்கு விடை இருக்கிறது. அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியல் அறிஞர் மூவர், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளின் கற்றல் நிலையை ஆராய்ந்தனர். பள்ளிகள் மீண்டும் திறந்த ஆறு மாதங்களுக்குள், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு இந்த மாலை வகுப்புகளே காரணம் என்றும், ஏழைப் பிள்ளைகளுக்கே அவை மிகுதியாகக் கைகொடுத்தன என்றும் கண்டனர். பெரிய பட்டமோ பயிற்சியோ பெறாத அண்டை வீட்டு அக்காமார் மாலையில் பிள்ளைகளோடு அமர்ந்ததன் விளைவு இது.

ஆயினும், மாலை நேரத்துக்கென ஒதுக்கப்படும் பணத்துக்கு ஒரு தலைவிதி உண்டு. கையிருப்பு இறுகும்போது முதலில் வெட்டுப்படுவது அதுதான். பகல் பள்ளியை மூடினால் ஊர் திரண்டு கேட்கும். மாலை வகுப்பை நிறுத்தினால் கேட்பார் இல்லை. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவில் நடந்ததைப் பார்ப்போம். அங்கே ஏழ்மை மிகுந்த பகுதிப் பள்ளிகளில் மாலை வகுப்பு நடத்துவதற்காக, 'இருபத்தொன்றாம் நூற்றாண்டுச் சமுதாயக் கற்றல் மையங்கள்' என்னும் திட்டத்தை 1994 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தோற்றுவித்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 130 கோடி டாலர் அதற்குச் செலவாகிறது. 2025 ஜூலை முதல் நாள் மாநிலங்களுக்குச் சேர வேண்டிய அப்பணத்தை நடுவண் அரசு திடீரென நிறுத்தி வைத்தது. பிள்ளைகளை எங்கே விடுவது என்று பெற்றோரும், ஊழியர்களை வைத்துக்கொள்வதா விடுவதா என்று மையங்களும் தவித்தனர். பெருங்குரல் எழுந்த பிறகு அம்மாதத்திலேயே பணம் விடுவிக்கப்பட்டது. நம் நாட்டிலும், 2024-25 ஆம் ஆண்டுக்குத் தமிழகத்துக்கு வர வேண்டிய சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாய், ஒன்றிய அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையிலான கொள்கைப் பிணக்கில் தடைபட்டு நின்றதை நாம் அறிவோம். யார் பக்கம் நியாயம் என்பது இங்கே நம் பேச்சு அன்று. மேலிருந்து வரும் நீர் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம் என்பதும், ஊருக்கென ஒரு கிணறு வேண்டும் என்பதும்தான் நாம் சொல்ல வருவது.

அரசின் பெருந்திட்டங்கள் பலவும் ஊரார் கையளித்த சிறு கொடைகளோடு தொடங்கியவையே. 1956 இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு பரவியபோது, பொதுமக்கள் தந்த பணமும் தானியமும் அதற்குத் துணை நின்றன. அக்காலத்தில் கல்வி இயக்குநராக விளங்கிய நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள், ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைக் கூட்டுவித்தார். பெஞ்சும் கடிகாரமும் நிலமும் ரொக்கமும் மக்களே கொண்டுவந்து குவித்தனர். இன்றும் அரசுப் பள்ளிகளுக்கு உதவ விரும்புவோருக்காக, 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' என்னும் அமைப்பு இருக்கிறது. பள்ளிதோறும் பெற்றோரைக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கொடுப்பதற்கு வழி இல்லை என்று நாம் சொல்லித் தப்ப முடியாது.

நம் சமுதாயத்துக்கு இது புதிய பாடமா? பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள் எழுத்தறிவு பெற்றோர் சிலருக்கு, ஆளுக்குப் பத்துச் சிறுவர்க்கு எழுதப் படிக்கக் கற்பிப்பதையே விடுதலைப் பணமாக நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றார்கள் என்பது வரலாறு. பொன்னும் வெள்ளியும் தேவைப்பட்ட வறுமைக் காலம் அது. அப்போதும் சிறுவரின் எழுத்தறிவு பொன்னுக்கு ஈடாக எடைபோடப்பட்டது.

கெய்ரோ மாநகரில் 'சபீல் குத்தாப்' என்று ஒருவகைக் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. கீழ்த்தளத்தில் வழிப்போக்கருக்குத் தண்ணீர். மேல்தளத்தில் அநாதைச் சிறுவர்க்கும் ஏழைச் சிறுவர்க்கும் பள்ளி. 1744 இல் அப்துர் ரஹ்மான் கத்குதா கட்டியது அவற்றுள் புகழ்பெற்றது. கட்டடத்தின் அழகை எல்லோரும் புகழ்வர். நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது, இத்தகைய அறங்களை நடத்திவந்த வக்ஃபு ஆவணங்களை. கட்டியதோடு கொடையாளர்கள் நின்றுவிடவில்லை. கடைகளின் வாடகையையும் நிலங்களின் விளைச்சலையும் எழுதி வைத்து, அதிலிருந்து ஆசிரியருக்கு ஊதியமும், பிள்ளைகளுக்கு உணவும் உடையும், எழுதுபொருளும் ஆண்டுதோறும் செல்ல வகை செய்தார்கள். முதலைத் தொடாமல் பலனைச் செலவிடுவது என்னும் வக்ஃபின் கருத்தே, நின்றுபோகக் கூடாத செலவுகளுக்காக அமைந்தது எனலாம். கல்லுக்குப் பணம் கொடுப்போர் எக்காலத்தும் உண்டு. அவர்கள் சுண்டலுக்கும் பணம் கொடுத்தார்கள்.

தமிழகத்து முஸ்லிம்கள் கல்விக்காகக் கொடுத்ததில் பின்தங்கியவர்கள் அல்லர். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919 இல் எழுந்தது. சென்னைப் புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் 1951 இல் தோன்றின. அதிராம்பட்டினம், உத்தமபாளையம், மேல்விஷாரம், இளையான்குடி, பாளையங்கோட்டை என்று பட்டியல் நீளும். அந்த வள்ளல்களின் கபுறுகளை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! ஆனால் கல்லூரி என்பது மாடி. மாடிக்கு ஏறும் படிக்கட்டின் கீழ்ப்படிகள் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இருக்கின்றன. முஸ்லிம் பிள்ளைகள் மதரஸாக்களில்தான் மிகுதியாகப் படிக்கிறார்கள் என்னும் எண்ணம் பலருக்கு உண்டு. 2006 இல் வெளிவந்த நீதிபதி சச்சார் குழுவின் அறிக்கை, பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் நூற்றுக்கு நான்கு பேருக்கு மேல் மதரஸாக்களில் பயிலவில்லை என்று காட்டிற்று. மற்றப் பிள்ளைகளில் பெருந்தொகையினர் அரசுப் பள்ளிப் பெஞ்சுகளில், பிற சமயத்து ஏழைப் பிள்ளைகளோடு தோளோடு தோள் ஒட்டி அமர்ந்திருக்கிறார்கள்.

இங்கே எங்கள் வீட்டில் எழுந்த வினா ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். "அந்தப் பள்ளியில் நம்மவர் பிள்ளைகள் எத்தனை பேர்? நம் சமுதாயத்தில் ஏழைகள் இல்லையா?" என்று எங்கள் நடு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆலிம் ஒருவரிடம் சென்று கேட்டோம். அவர் தெளிவாக உரைத்தார். ஜக்காத்துக்கு உரியவர்கள் எண்வகையினர் என்று திருமறை வரையறுத்திருக்கிறது. அதைத் தகுதியுள்ளவரின் கையில் உடைமையாகவே கொடுத்துவிட வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். ஆதலால் வகுப்பு நடத்துவோரின் ஊதியத்துக்கோ பொதுச் சுண்டலுக்கோ ஜக்காத்தை எடுக்காதீர்கள். ஸதகாவுக்கு அந்த வரம்பு இல்லை. சமயம் பாராமல் தேவையுள்ள எவருக்கும் கொடுக்கலாம். ஏழைக்கும் அநாதைக்கும் கைதிக்கும் உணவளிப்போரைத் திருமறை சிறப்பித்துப் பேசுகிறதே, அக்காலத்துக் கைதி முஸ்லிமா என்று திருப்பிக் கேட்டார். அண்ணன் வாய் திறக்கவில்லை. வீடு திரும்பும் வழியில் அவரே, "அத்தாவின் கணக்கை எழுதிய பையன் நம் ஆள் இல்லையே" என்றார்.

அதன் பிறகு தலைமையாசிரியையிடம் மீண்டும் சென்றோம். வெட்கத்தோடுதான் சென்றோம். அவர் பழையதைப் பேசவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் இயற்றி, வேலையைத் தொடங்கினோம். நாற்பது பிள்ளைகள். ஊரிலேயே இருக்கும் படித்த பெண்கள் இருவருக்கு மாதம் 3,000 ரூபாய் வீதம் 6,000 ரூபாய். ஒரு பிள்ளைக்கு நாள் ஒன்றுக்குப் பத்து ரூபாய்ச் சிற்றுண்டி. சுண்டல், வேர்க்கடலை, வாழைப்பழம். இருபத்திரண்டு நாளுக்கு 8,800 ரூபாய். தாள், வண்ணக்கட்டி, கதைப் புத்தகம், பந்து இவற்றுக்கு 1,500 ரூபாய். ஆக மாதம் 16,300 ரூபாய். பத்து மாதத்துக்கு 1,63,000 ரூபாய். எங்கள் வாயிலுக்கு ஆன செலவு இதைவிட அதிகம். நம் திருமண மண்டபங்களில் ஒரே இரவில் வாடிப்போகும் மேடை அலங்காரத்தின் விலையை வாசகர்களே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பிள்ளையின் மாலைப் பொழுது நாளொன்றுக்குப் பத்தொன்பது ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது.

அல்ஹம்துலில்லாஹ், நன்றாகவே நடந்தது, ஏழு மாதம். அதன் பின் நடு அண்ணனின் தொழிலில் பெருநட்டம் வந்தது. அவர் பங்கு நின்றது. இன்று தருவோம், நாளை தருவோம் என்று மற்றவர்களும் காலம் கடத்தினோம். மூன்று மாதம் பணம் போகவில்லை. வகுப்பு நடத்திய பெண்களில் ஒருத்தி ஒரு மாதம் ஊதியமின்றியே வந்தாள். பிறகு சேலத்தில் துணிக்கடை வேலைக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல நாங்கள் யார்? வகுப்பு நின்றது. நின்ற பின்னும் ஒரு வாரத்துக்குப் பத்துப் பதினைந்து பிள்ளைகள் வந்து படிக்கட்டில் அமர்ந்திருந்து, இருட்டிய பின் எழுந்து போனார்களாம். இதைத் தலைமையாசிரியை தொலைபேசியில் சொன்னபோது எங்கள் தங்கை அழுதுவிட்டாள். ஒன்றும் கொடாமல் இருப்பதைவிட, கொடுத்துப் பாதியில் நிறுத்துவது பிள்ளைகளுக்குச் செய்யும் பெரிய தீங்கு என்பதை அன்று உணர்ந்தோம். அமெரிக்கப் பேரரசு செய்ததைப் பற்றி மேலே எழுதினோமே, நால்வர் கொண்ட எங்கள் சிற்றரசும் அதையேதான் செய்தது.

தீர்வைச் சொன்னவள் தங்கையே. அத்தா விட்டுச்சென்ற சிறு கடை ஒன்று எங்கள் நால்வருக்கும் பொதுவாக இருந்தது. மாத வாடகை 12,000 ரூபாய். இறந்தவர் வஸிய்யத் செய்யாத நிலையில், வாரிசுகளின் பங்கை வாரிசுகளே மனமொப்பி விட்டுக்கொடுத்தால்தான் அது தர்மமாகும். ஒருவர் பங்கை மற்றவர் எடுத்துத் தானம் செய்ய முடியாது. ஆகவே அவளே முதலில் தன் பங்கைத் தானாக முன்வந்து கொடுத்தாள். ஆண்பிள்ளைகளைவிடக் குறைந்த பங்குடையவள், முந்திக்கொண்டாள். பிறகு நாங்கள் கொடுத்தோம். இப்போது அவ்வாடகை நேராக வகுப்புக்குச் செல்கிறது. குறையும் 4,300 ரூபாயை நால்வரும் பகிர்ந்துகொள்கிறோம். எங்களில் ஒருவர் நொடித்தாலும் வகுப்பு நொடிக்காது, இன்ஷா அல்லாஹ். ஓராண்டும் சில மாதங்களும் தடையின்றி நடந்து வருகிறது. பெரிய அற்புதங்கள் நிகழ்ந்துவிடவில்லை. எழுத்துக் கூட்டத் தெரியாதிருந்தவர்கள் சிலர் வாசிக்கிறார்கள். ஒருவன் மலையை வரைந்து எங்களுக்கு அனுப்பினான். அம்மலையின் அடியில் வாயில் ஒன்றும் இருந்தது.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. மாலை வகுப்புகள் ஊரெங்கும் நடந்தபோது, நம் பிள்ளைகள் சிலர் அவற்றைத் தவறவிட்டனர். காரணம், அதே நேரத்தில் அவர்களுக்கு மக்தபு இருந்தது. ஓதுவதா படிப்பதா என்று பிள்ளையைத் தராசில் நிறுத்துவது நம் மார்க்கம் கற்பித்த வழி அன்று. ஓதுமாறு பணித்ததுதானே இறைவனின் முதல் கட்டளை! மக்தபை சுபுஹுக்குப் பின்னோ மஃரிபுக்குப் பின்னோ வைத்துக்கொண்டு, அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தைப் பள்ளிப் பாடத்துக்கு விட்டால் இரண்டும் வளரும். பள்ளிவாசலை ஒட்டிய கூடங்கள் பல ஊர்களில் அந்நேரத்தில் பூட்டிக் கிடக்கின்றன. அங்கே மின்விசிறி உண்டு, விளக்கு உண்டு, பாய் உண்டு. வீட்டில் உருது பேசிப் பள்ளியில் தமிழில் திணறும் பிள்ளைகள் சேலம் போன்ற நகரங்களில் நிறைய இருக்கிறார்கள்; அவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் பேருதவியாகும். தெருவில் உள்ள பிற சமயத்துப் பிள்ளைகளும் வந்து அமரட்டும். நம் கூடம் அதனால் சிறுத்துவிடாது.

வாயிலில் பதித்த சலவைக்கல்லை என்ன செய்வது என்றும் ஒரு நாள் பேசினோம். எடுத்துவிடலாம் என்றார் மூத்தவர். இருக்கட்டும், நம் அறியாமைக்கு அதுவே சாட்சி என்றாள் தங்கை. இருக்கிறது. கீழக்கரைச் சீதக்காதி வள்ளலை, செத்தும் கொடுத்தவர் என்று முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழுலகம் போற்றுகிறது. கொடை நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது என்பதல்லவா அந்தப் புகழின் பொருள்?

எங்கள் கதையில் முடிவுக்கு வராத பகுதி ஒன்று உண்டு. உலகப் படத்தைப் பார்த்து நின்ற அந்தப் பெண்ணின் தம்பி இப்போது மாலை வகுப்பில் இருக்கிறான். ஆறரை மணிக்கு அவனை அழைத்துப் போக அவள்தான் வருகிறாள். உள்ளே வரச் சொன்னால் வருவதில்லை. வாயிலுக்கு வெளியே நிற்கிறாள். எட்டாம் வகுப்பு தேறியவர் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வழியுண்டு என்று தங்கை அவளிடம் எடுத்துச் சொன்னாள். கணக்கு வராதே என்றாளாம். நாங்கள் சொல்லித் தருகிறோம் என்று வகுப்புப் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். அவள் இன்னும் பதில் தரவில்லை. சென்ற வாரம் மட்டும், தம்பியின் நோட்டை வாங்கி, அவன் போட்ட கணக்கைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று கேள்விப்பட்டோம்.

எங்கள் தாமதத்துக்கு அவள் கொடுத்த விலையை நாங்கள் திருப்பித் தர இயலாது. மற்றவர் வீட்டுப் பிள்ளைகள் அந்த விலையைக் கொடுக்காமல் இருக்கட்டும் என்றே இதை எழுதினோம். தர்மம் செய்ய நாடும் குடும்பத்தார் உங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கு ஒருநாள் நான்கு மணிக்குச் சென்று, வாயிலில் நின்று பாருங்கள். என்ன செய்ய வேண்டும் என்று அங்குள்ளவரைக் கேளுங்கள், அவர் சொல்வதைச் செய்யுங்கள், செய்வதை நிறுத்தாதீர்கள். நம் ஈகையை ஏற்று, நம்மைப் பெற்றவர்களின் கபுறுகளில் அதன் நன்மையை நிறைத்தருள வல்ல அல்லாஹ் போதுமானவன். ஆமீன்.